நெருப்புப்பெட்டியின் மேல் ஒரு பெயர்

எமது கடைகளில் விற்கும் பொருட்களில் மிகக் குறைந்த இலாபம் தருவது எதுவென்று கேட்டால், சில்லறை வியாபாரிகள் பலரும் நெருப்புப்பெட்டியைத்தான் சொல்வார்கள். ஈரம் பட்டால் பழுதாகிவிடும். தீப்பற்றிக்கொள்ளும் என்ற பயமும் உண்டு. ஒரு பக்கெட் முழுவதையும் விற்றாலும் கையில் மிஞ்சுவது சொற்பம். ஆனாலும் நெருப்புப்பெட்டி இல்லாத கடை கிடையாது. சீனி வாங்க வந்தவர், நெருப்புப்பெட்டி இல்லையென்றால் சீனியையும் சேர்த்து அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும்.

அந்தச் சின்னஞ்சிறு பெட்டியைத்தான் நான் ஐம்பது வருடங்களுக்கு மேலாகச் சேகரித்து வருகிறேன். 1968ஆம் ஆண்டளவில், பாடசாலை விட்டு வந்து வாப்பாவின் பலசரக்குக் கடையில் நின்ற காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. அல்ஹம்துலில்லாஹ், இன்று லேபல்களும் வெற்றுப் பெட்டிகளும் ஹோட்டல்களில் கொடுக்கும் அட்டை மடிப்பு நெருப்புக்குச்சிகளுமாக மூவாயிரத்துக்கும் அதிகமாக என்னிடம் உள்ளன.

"முத்திரை சேர்க்கிறார்கள், நாணயம் சேர்க்கிறார்கள், நெருப்புப்பெட்டி சேர்த்து என்ன காணப் போகிறீர்கள் ஹாஜியார்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உலகில் இது பெரியதொரு பொழுதுபோக்கு. 1943இல் மார்ஜரி எவன்ஸ் என்ற பெண்மணி இதற்கு 'ஃபிலூமனி' என்று பெயர் வைத்தார். கிரேக்க, இலத்தீன் சொற்களைச் சேர்த்து, ஒளியை விரும்புதல் என்ற பொருளில் அமைந்த பெயர். 1945இல் பிரித்தானியாவில் இதற்கெனச் சங்கமொன்று உருவானது. ஜப்பானைச் சேர்ந்த தெயிச்சி யோஷிசாவா 1925இல் தொடங்கி, ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட லேபல்களைச் சேர்த்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். அவருக்கு முன்னால் என்னுடையது ஒரு கைப்பிடி உப்பு.

ஆனால் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் வேறு. வியாபாரத்தில் பெயர் என்றால் என்ன, அதை எப்படிச் சம்பாதிக்கிறார்கள், எப்படி இழக்கிறார்கள் என்பதை இந்த லேபல்களிலிருந்துதான் நான் அதிகம் படித்தேன். இப்பத்தியை வாசிக்கும் வர்த்தகச் சகோதரர்களுக்கும் அது பயன்படும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

படத்தைச் சொல்லி வாங்கிய காலம்

அன்று எமது கடைக்கு வரும் மீனவர்களிலும் உப்பளத் தொழிலாளர்களிலும் எழுத்து வாசிக்கத் தெரியாதோர் பலர் இருந்தனர். அவர்கள் கொம்பனியின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. லேபலில் உள்ள படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். வேறு படமுள்ள பெட்டியைக் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். இரவில் களப்பில் தோணியில் இருப்பவருக்கு, உப்புக் காற்றிலும் பற்றிக்கொள்ளும் குச்சி எது என்பது முக்கியம். ஒரு தடவை ஏமாற்றிய பெட்டியை அவர் மறுபடி தொடமாட்டார்.

இதிலுள்ள வியாபார உண்மையைக் கவனியுங்கள். நெருப்புக்குச்சியை உரசிப் பார்த்து வாங்க முடியாது. வாங்கிய பிறகுதான் அதன் தரம் தெரியும். ஆகவே வாடிக்கையாளர் உண்மையில் வாங்குவது மேலேயுள்ள படத்தையும், அதன் மேல் தான் வைத்த நம்பிக்கையையும்தான். தபால் முத்திரையை விடக் கொஞ்சம் பெரிய அந்தக் காகிதத் துண்டே கொம்பனியின் முழு மூலதனமும் என்றால் மிகையாகாது.

அதனால்தான் நன்றாக விலைபோகும் படத்தைப் பார்த்து அடுத்தவர் அச்சடிப்பதும் அன்றே தொடங்கிவிட்டது. என் சேகரிப்பில் ஒரே நிறம், ஒரே எல்லைக்கோடு, ஒரே மிருகம் கொண்ட லேபல்கள் பல சோடிகள் உள்ளன. எழுத்துக் கூட்டி வாசித்தால்தான் வித்தியாசம் தெரியும். வாசிக்கத் தெரியாதவரைக் குறிவைத்தே அவை அச்சிடப்பட்டன என்பது சொல்லாமலே விளங்கும். இன்று தேயிலைத்தூளிலும் சவர்க்காரத்திலும் நாம் காணும் போலிகள் இவற்றின் வாரிசுகளே.

கோபே துறைமுகமும் ஈஸாபாயும்

இங்கிலாந்தின் ஸ்டொக்டன் நகரில் ஜோன் வோக்கர் என்ற மருந்து வியாபாரி 1827இல் உரசிப் பற்றவைக்கும் குச்சியை முதன்முதலாக விற்றார். அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1844இல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ், குச்சியின் தலையிலிருந்த ஆபத்தான பொசுபரசை நீக்கி, சிவப்புப் பொசுபரசைப் பெட்டியின் பக்கத்தில் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் யொன்ஷோப்பிங் நகரில் அதைப் பெரும் தொழிலாக்கினர். பெட்டியில் உரசினால் மட்டுமே பற்றும் இன்றைய நெருப்புக்குச்சி இவ்வாறுதான் வந்தது.

எமது பிராந்தியத்துக்கு முதலில் சுவீடனிலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் நெருப்புப்பெட்டிகள் வந்தன. முதலாம் உலக யுத்தத்தில் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டபோது ஜப்பானின் கை ஓங்கியது. கோபே துறைமுகம் அந்த ஏற்றுமதியின் மையமாக விளங்கியது. அக்கால ஜப்பானிய லேபல்கள் சிலவற்றில் யானை இருக்கும், புலி இருக்கும், இந்துக்களின் தெய்வப் படங்களும் இருக்கும். கீழே 'ஜப்பானில் தயாரிக்கப்பட்டது' என்றிருக்கும். வாங்குபவர் யார் என்பதை அறிந்து படம் வரைந்த வியாபாரம் அது.

அவற்றில் என் கண்ணைப் பறித்தவை 'ஏ.எம். ஈஸாபாய்' என்ற பெயர் தாங்கிய லேபல்கள். இந்தியச் சந்தைக்கு வெளிநாட்டு நெருப்புப்பெட்டிகளைத் தருவித்த வர்த்தக நிறுவனம் அது. உற்பத்தி செய்தவர் ஜப்பானியர், வாங்குபவரில் பெரும்பாலோர் இந்துக்கள், லேபலில் இருப்பதோ ஒரு முஸ்லிம் வர்த்தகரின் பெயர். யாருடைய கையில் எந்தச் சரக்கு இருந்தாலும், பேச்சு மாறாத வியாபாரியின் பெயருக்குச் சந்தையில் இடமுண்டு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கோபேயில் அன்று வர்த்தகம் செய்த இந்திய முஸ்லிம்களும், ரஷ்யப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தாத்தார் முஸ்லிம்களும் மற்றோரும் சேர்ந்து நிதி திரட்டி 1935இல் ஒரு பள்ளிவாசலைத் திறந்தனர். ஜப்பானில் கட்டப்பட்ட முதலாவது பள்ளிவாசல் அதுவே. 1945இல் நகரம் குண்டு வீச்சில் எரிந்தபோதும், 1995இல் பூமியதிர்ச்சி வந்தபோதும் அது தாக்குப்பிடித்து நின்றது. தொழில் தேடிப் போன இடத்திலும் தொழுமிடத்தை மறக்காதவர்கள் அந்த வியாபாரிகள்.

அணிலும் காக்காவும்

1922இல் இந்திய அரசு நெருப்புப்பெட்டிக்கான இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. வெளிநாட்டுச் சரக்கின் விலை ஏறவே, உள்ளூரில் உற்பத்தி செய்வோருக்குக் கதவு திறந்தது. சுவீடன்காரர்கள் அடுத்த ஆண்டே 'விம்கோ' என்ற கொம்பனியை இந்தியாவில் தொடங்கினர். கப்பல் படம் போட்ட அவர்களுடைய பெட்டியைத் தெரியாதவர் தென்னிந்தியாவில் இல்லை. 2005இல் அக்கொம்பனியை ஐ.டி.சி. குழுமம் வாங்கிக்கொண்டது.

அதே 1922இல் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினர். ஒருவர் அய்ய நாடார், மற்றவர் அவரது உறவினர் சண்முக நாடார். மாதக்கணக்கில் அங்கு தங்கி நெருப்புப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1923இல் தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த வறண்ட பூமி சிவகாசி. விவசாயத்துக்குச் சாபமாயிருந்த அந்த வெயில், குச்சி காய வைக்க வரமாகிவிட்டது. இயந்திரத்தில் செய்வதைவிடக் கைத்தொழிலாகச் செய்வதே அங்கு மலிவு என்பதையும் அவர்கள் கண்டுகொண்டனர்.

பின்னர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினர். ஒருவரின் லேபலில் அணில், மற்றவரின் லேபலில் காகம். அந்தப் படம் சனங்களின் வாயில் எவ்வளவு ஊறியது என்றால், அவர் 'காக்கா சண்முக நாடார்' என்றே அழைக்கப்படலானார். எம்மவர் மத்தியில் காக்கா என்றால் மூத்த சகோதரர். அவருக்கோ அது லேபல் தந்த பட்டம்! கொம்பனிக்கு மனிதனின் பெயரை வைப்பது வழக்கம். இங்கே கொம்பனியின் படம் மனிதனுக்குப் பெயராகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலட்சக்கணக்கில் லேபல் தேவைப்பட்டதால் சிவகாசியிலேயே அச்சகங்கள் எழுந்தன. நெருப்புப்பெட்டி லேபல் அச்சடிக்கப் பழகிய கைகளே பிறகு கலண்டரும் வாழ்த்து அட்டையும் அச்சடித்து, அவ்வூரை இந்தியாவின் பெரிய அச்சு நகரங்களில் ஒன்றாக்கின. அதே தொழிற்பழக்கத்திலிருந்துதான் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. ஒரு தொழிலின் பக்கத் தேவையை ஊருக்குள்ளேயே செய்துகொள்ளத் தொடங்கினால் மூன்று தொழில் வளரும் என்பது எமது புத்தளம் மாவட்டத்துக்கும் பொருந்தும் பாடம். உப்பும் கருவாடும் தேங்காயும் இங்கு விளைகின்றன. பொதி செய்வதும் லேபல் அடிப்பதும் எங்கே நடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

பெயரைக் கடனுக்கு விற்ற மன்னன்

பெயரைச் சம்பாதித்தவர்களைப் பார்த்தோம். இழந்தவர் ஒருவரையும் பார்க்க வேண்டும். சுவீடனின் ஐவர் கிரூகர் 1917இல் அந்நாட்டு நெருப்புப்பெட்டித் தொழிற்சாலைகளை ஒன்றிணைத்துப் பெருங் கொம்பனியொன்றை உருவாக்கினார். 'நெருப்புப்பெட்டி மன்னர்' என்று உலகம் அவரை அழைத்தது. அவருடைய வழி எளிது. காசுத் தட்டுப்பாட்டில் இருக்கும் அரசாங்கங்களுக்குக் கடன் கொடுப்பார். பதிலுக்கு அந்நாட்டின் நெருப்புப்பெட்டி வியாபாரத்தின் தனியுரிமையை எடுத்துக்கொள்வார். 1927இல் பிரான்ஸுக்கு 75 மில்லியன் டொலர். 1929இல் ஜேர்மனிக்கு 125 மில்லியன் டொலர் கொடுக்க ஒப்பந்தம் செய்தார். உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல் அவருடைய கட்டுப்பாட்டில் இருந்ததாகச் சொல்வர்.

ஆனால் கொடுத்த கடன், புதிதாக வாங்கிய கடன். முதலீட்டாளருக்கு உயர்ந்த இலாபப் பங்கு கொடுத்து வந்தார். அதற்கும் காசு வேறிடத்தில் வாங்கினார். கணக்குப் புத்தகங்களின் உள்ளே என்ன இருந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். உலகப் பொருளாதாரம் சரிந்தபோது கடன் கிடைக்கவில்லை. 1932 மார்ச் 12ஆந் திகதி பாரிஸ் நகரில் அவர் துப்பாக்கிச் சூட்டுக் காயத்துடன் இறந்து கிடந்தார். பின்னர் பெட்டகத்தைத் திறந்து பார்த்தபோது, இத்தாலி அரசின் பெயரில் போலியாக அச்சிட்ட கடன் பத்திரங்கள் இருந்தன.

ஜேர்மனியில் அவரது கடனுக்காக ஏற்பட்ட அந்தத் தனியுரிமை 1983 வரை நீடித்தது. மனிதர் போய் அரை நூற்றாண்டு கழிந்தும் அவரது கடனின் நிழலில்தான் ஜேர்மன்காரர் அடுப்பு மூட்டினர். வட்டியின் மேல் வட்டியாய் எழுப்பிய மாளிகையின் கதி இது. 2022 ஏப்ரலில் எமது நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்திய பின்னர் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கும் எவருக்கும் இக்கதை தூரத்துக் கதையாகத் தோன்றாது.

குச்சியை எண்ணிப் பார்த்தால்

பழைய பெட்டிகள் பலவற்றில் 'சராசரி 60', 'சராசரி 50', 'சராசரி 40' என்று குச்சிகளின் எண்ணிக்கை அச்சிடப்பட்டிருக்கும். விலை ஏற்ற முடியாத காலங்களில் உற்பத்தியாளர் குச்சியைக் குறைப்பது வழக்கம். அதை வெளிப்படையாக லேபலில் போட்டுவிட்டால் அது வியாபார முடிவு. ஐம்பது என்று போட்டுவிட்டு நாற்பதை அடைத்தால் அது வேறு விடயம். அளவையில் குறைப்போரைக் கண்டிக்கும் அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்துக்கு அவர்களின் பெயரே தலைப்பாக இருப்பதை நாம் அறிவோம். நிறுவையும் அளவையும் போலவே எண்ணிக்கையும் ஓர் அமானிதம்.

இதற்கு நல்ல உதாரணமொன்று அண்மைக் காலத்தில் நடந்தது. தமிழ்நாட்டின் கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர்ப் பகுதி உற்பத்தியாளர்கள் 2007இல் பெட்டியின் விலையை 50 சதத்திலிருந்து ஒரு ரூபாவாக்கினர். அதன்பின் பதினான்கு வருடங்கள் மூலப்பொருட்களின் விலை ஏறிக்கொண்டே போயும் விலையை மாற்றவில்லை. 2021 டிசம்பர் முதலாந் திகதி முதல் அதை இரண்டு ரூபாவாக்கினர். விலையை இரட்டிப்பாக்கியவர்கள், பெட்டியிலுள்ள குச்சிகளை 36இலிருந்து 50ஆகக் கூட்டுவதாகவும் அறிவித்தனர். விலையேற்றத்தைச் சொல்லும்போதே வாடிக்கையாளருக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். விலையேற்றும் முறை தெரிந்த வியாபாரிகள் இவர்கள்.

லேபல் சொல்லாத செய்தி

அழகான லேபல் எல்லாவற்றையும் சொல்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெண் பொசுபரசு கலந்து குச்சி செய்த பெண்களுக்குத் தாடையெலும்பு அழுகும் நோய் வந்தது. அபராதமும் குறைந்த சம்பளமும் சேர்ந்த கொடுமை தாங்காமல் 1888இல் இலண்டனின் பிரையண்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1891இல் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு அதே நகரில் தானே ஒரு தொழிற்சாலையைத் திறந்து, ஆபத்தில்லாத சிவப்புப் பொசுபரசைப் பாவித்து, கூடுதல் கூலியும் கொடுத்துக் காட்டியது. 1906இல் பேர்ன் நகரில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை வெண் பொசுபரசு நெருப்புக்குச்சியைத் தடை செய்தது.

சிவகாசிப் பகுதியின் பெயருக்கும் ஒரு காலம் கறை இருந்தது. குச்சி அடுக்குவதிலும் பெட்டி ஒட்டுவதிலும் சிறுவர்கள் வேலை செய்தனர். 1986இல் இந்தியாவில் வந்த சிறுவர் தொழிலாளர் சட்டமும், 1996இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அதற்கு எதிராக அமைந்தன. அக்காலப் பெட்டிகள் என்னிடமும் உள்ளன. சிரிக்கும் குழந்தையின் படம் போட்ட லேபலைப் பார்க்கும்போது, அதை ஒட்டிய கை எத்தனை வயதுக் கையோ என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை. எமது கடைகளிலும் களஞ்சியங்களிலும் வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்களா என்று நாமும் எம்மைக் கேட்டுக்கொள்வது கடமை.

நல்ல பெயரை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தியவர்களும் இல்லாமலில்லை. சுவீடனில் 1936இல் வெளிவந்த 'சோல்ஸ்டிக்கன்' என்ற பெட்டியில், சூரியனை நோக்கி நடக்கும் குழந்தையொன்றின் படம் இருக்கும். ஐனார் நேர்மன் என்ற ஓவியர் வரைந்தது. அதன் விற்பனையில் ஒரு பங்கு சிறுவர்களினதும் முதியோரினதும் நலனுக்கான நிதியத்துக்குப் போகிறது. நாம் ஸதகா என்று சொல்வதை ஒரு நெருப்புப்பெட்டியில் அவர்கள் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

ஒரு பக்கெட் உறை

என் சேகரிப்பில் அழகான பொருள் எதுவென்று கேட்டால் நான் ஒரு கசங்கிய காகித உறையைத்தான் காட்டுவேன். நெருப்புப்பெட்டிப் பக்கெட்டைச் சுற்றியிருந்த சாதாரண உறை அது.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்து பலர் தோணிகளில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். உடுத்த உடையோடு வந்தவர்களே அதிகம். எமது மாவட்டத்தின் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் அவர்களால் நிறைந்தன.

அந்த நாட்களில் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒருவர் வாப்பாவிடம் வந்தார். முகாமுக்குள் ஒரு சிறு பெட்டிக்கடை போட நினைப்பதாகவும், கையில் காசில்லை என்றும் சொன்னார். வாப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தம்பி, உங்கட வாப்பாட கடைப் பேர் என்ன?" அவர் சொன்னார். கருவாட்டு வியாபாரத்தில் அந்தப் பெயரை வாப்பா அறிந்திருந்தார். மறு பேச்சில்லை. நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, சவர்க்காரம், சீனி என்று கட்டிக் கொடுத்தார். கடன் புத்தகத்தில் அந்தப் பழைய கடையின் பெயரைத்தான் எழுதினார். மன்னாரில் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது, அல்லது உடைந்து கிடந்தது. ஆனால் புத்தளத்தில் அதன் பெயருக்குக் கடன் கிடைத்தது.

ஐந்தாவது வாரம் அவர் முழுக் கணக்கையும் தீர்த்தார். பல வருடங்களுக்குப் பின்னர், என் பொழுதுபோக்கைக் கேள்விப்பட்டு அந்த உறையைக் கொண்டுவந்து தந்தார். அன்று முதன்முதலாக அவிழ்த்த பக்கெட்டின் உறை. அதை அவர் தன் கணக்குப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்திருக்கிறார். எல்லாவற்றையும் பறிகொடுத்து வந்தவரிடமிருந்து எவராலும் பறிக்க முடியாமற் போனது அவருடைய தகப்பனார் சம்பாதித்த பெயர் ஒன்றே.

சேகரிக்க விரும்புவோருக்கு

இப்பொழுதுபோக்கில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்குச் சில யோசனைகள். முதலாவது, குச்சியோடு பெட்டியைச் சேமிக்க வேண்டாம். குச்சியின் தலையிலுள்ள பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பக்கத்திலுள்ள சிவப்புப் பொசுபரசும் சேர்ந்தால் தீ. நூறு பெட்டியை ஓர் அலுமாரியில் அடைப்பது வீட்டுக்கே ஆபத்து. குச்சிகளைப் பாவித்துவிட்டு வெற்றுப் பெட்டியைத் தட்டையாக மடித்து வையுங்கள்.

இரண்டாவது, லேபலைக் கிழித்தெடுக்காதீர்கள். இளஞ்சூட்டு நீரில் சற்று ஊற வைத்தால் பசை விட்டுவிடும். ஒற்றுத் தாளுக்கு இடையில் வைத்துப் பாரம் ஏற்றிக் காய வைக்கலாம். அல்பத்தில் பசை தடவி ஒட்டுவதைத் தவிருங்கள். மூலைகளில் செருகும் விதமாக வைத்தால் பின்பக்கத்தையும் பார்க்கலாம்.

மூன்றாவது, எமது கடற்கரையின் பெரும் எதிரி ஈரமான உப்புக் காற்று. அல்பங்களை வெளிச்சுவரோடு சாய்த்து வைக்காமல், காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, வருடத்துக்கு இரண்டு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும். கறையானும் பூச்சியும் ஒரே மாரியில் முழுச் சேகரிப்பையும் முடித்துவிடும்.

நான்காவது, காலத்தைக் கண்டறியப் பழகுங்கள். 'சிலோன்' என்றிருந்தால் பொதுவாக 1972 மே மாதத்துக்கு முந்தியது, 'ஸ்ரீலங்கா' என்றிருந்தால் பிந்தியது. விலையும் குச்சி எண்ணிக்கையும் மேலும் துப்புத் தரும். கிடைத்த திகதியையும் இடத்தையும் பென்சிலால் குறித்து வையுங்கள். கதை தெரியாத லேபல் வெறும் காகிதம்.

அழிந்துவரும் பொருள்

அட்டை மடிப்பு நெருப்புக்குச்சிக்கு 1892இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கச் சட்டத்தரணி ஜோசுவா பூசி. டயமண்ட் மெச் கொம்பனி அந்த உரிமையை அவரிடமிருந்து வாங்கியது. அவ்வட்டையின் வெளிப்பக்கத்தை விளம்பரத்துக்கு விற்கலாம் என்று கண்டதும் வியாபாரம் பெருகியது. ஹோட்டல்களும் விமானக் கொம்பனிகளும் அதை இலவசமாகக் கொடுத்தன. மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வரும் எம்மூர்ப் பிள்ளைகள் எனக்குக் கொண்டுவந்து தந்தவை ஏராளம். மதுபான விளம்பரம் உள்ளவற்றை மட்டும் நான் வாங்குவதில்லை.

எமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டம் பொது இடங்களில் புகைத்தலைத் தடுத்த பிறகு ஹோட்டல் மேசைகளில் அவ்வட்டைகளைக் காண்பது அரிதாகிவிட்டது. புகைத்தல் குறைவது நல்ல விடயம். அதில் எனக்கு வருத்தமில்லை. சமையலறையிலும் லைட்டரும் தானாகப் பற்றும் கேஸ் அடுப்பும் வந்துவிட்டன. மலிவான லைட்டர்கள் தம் தொழிலை அழிக்கின்றன என்று தமிழ்நாட்டு உற்பத்தியாளர்கள் முறையிட்டதன் பேரில், 20 இந்திய ரூபாவுக்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் இந்தியா தடை செய்தது. ஆனாலும் காலத்தை முழுமையாகத் தடுத்து நிறுத்த முடியாது. 2022இல் கேஸ் கிடைக்காமல் எல்லோரும் விறகடுப்புக்குத் திரும்பிய மாதங்களில் மட்டும், எங்கள் கடையில் நெருப்புப்பெட்டி பழைய மரியாதையைக் கொஞ்ச நாள் அனுபவித்தது.

வர்த்தகச் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். நெருப்புப்பெட்டி சேர்க்கும்படி நான் உங்களைக் கேட்கவில்லை. உங்கள் கடையின் முதல் பில் புத்தகம், உங்கள் வாப்பா அடித்த பழைய லேபல், உப்பு மூட்டையில் குத்திய முத்திரை, கடைப் பெயர் அச்சிட்ட பை, பழைய கடன் கொப்பி இவற்றை எரித்துவிடாதீர்கள். எமது கரையோர முஸ்லிம்களின் வர்த்தக வரலாறு பெரும்பாலும் எழுதப்படாதது. அது இருப்பது இத்தகைய துண்டுக் காகிதங்களில்தான். அவற்றை ஒரு பெட்டியில் இட்டு, பிள்ளைகளைக் கூட்டி வைத்து, இது இன்னாருடைய கணக்கு, இவர் இன்ன நாளில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று ஒரு தடவையாவது சொல்லிக் கொடுங்கள். காணியையும் கடையையும் பங்கு பிரிக்கலாம். பெயரைப் பங்கு பிரிக்க முடியாது. அது பிள்ளைகள் அனைவருக்கும் முழுமையாகவே போய்ச் சேரும், நல்லதாயினும் கெட்டதாயினும்.

எமது வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.